திருமலைத் துறைக்குச் சிறிய அணு உலை பொருந்துமா?

திருகோணமலையில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்கும் மாணவி ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்திருக்கிறார். “சிறிய அணு உலைகளைப் பற்றி இப்போது எங்கும் பேச்சாக இருக்கிறது. அப்படி ஒன்று எங்கள் துறைமுகப் பக்கம் வந்தால் நன்மையா, தீமையா? தந்தையார் நன்மை என்கிறார். கடற்றொழில் செய்யும் மாமா தீமை என்கிறார். இருவரும் வாசிப்பது ஒரே பத்திரிகையைத்தான்” என்பது கடிதத்தின் சாரம். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு என்று சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிள்ளை கேட்கும் கேள்விக்கு அது விடையாகாது. ஆகவே இவ்வாரம் இடம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியுள்ளோம். கடைசியில் மட்டும் வேறொரு சிறு கடிதத்துக்கு விடை உண்டு.

அணு உலை என்பது அடிப்படையில் நீர் காய்ச்சும் அடுப்புத்தான். யூரேனிய அணுவின் கருவை நியூத்திரன் ஒன்று தாக்க, அக்கரு பிளவுறுகிறது, வெப்பம் பிறக்கிறது, கூடவே இரண்டு மூன்று நியூத்திரன்கள் வெளிப்பட்டு அயலிலுள்ள கருக்களைப் பிளக்கின்றன. அவ்வெப்பத்தால் நீர் ஆவியாகிச் சுழலியைச் சுழற்ற மின்சாரம் உண்டாகிறது. நுரைச்சோலையில் நிலக்கரி செய்வதும் இதே வேலைதான். மின்னாற்றல் 300 மெகாவாற்றுக்கு மேற்படாத உலையைச் ‘சிறிய உலை’ என்று சர்வதேச அணுசக்தி முகவரகம் வகுத்துள்ளது. அளவில் சிறியது என்பதோடு, தொழிற்சாலையிலேயே கூறு கூறாகச் செய்து கப்பலிலோ வண்டியிலோ ஏற்றிவந்து பொருத்துவது என்பதும் இதன் இலக்கணம். கொட்டியாரக் குடாவில் ஓடும் கண்ணாடியிழைப் படகுகளைப் பாருங்கள். அக்காலத்து மரவள்ளத்தைப் போல அவற்றை ஒவ்வொன்றாகச் செதுக்குவதில்லை. அச்சு ஒன்றைச் செய்து, அதில் எத்தனையோ படகுகளை வார்த்தெடுக்கிறார்கள். அணு உலையையும் அப்படி வார்த்தால் மலிவாகும் என்பதே இதன் ஆதரவாளர் சொல்லும் வாக்கு.

உலை சிறிதாக இருப்பது புதுமையன்று. 1955 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ‘நோட்டிலஸ்’ என்னும் நீர்மூழ்கி சிறு உலை ஒன்றைச் சுமந்து கடலோடியது. 2016 இல் சேவையில் சேர்ந்த இந்தியாவின் ‘அரிஹந்த்’ நீர்மூழ்கியிலும் அத்தகைய உலை உண்டு. ஆனால் போர்க்கப்பலின் உலை செலவைப் பாராதது. வீட்டு விளக்குக்கான உலையோ செலவைப் பார்த்தே தீரவேண்டும். வீட்டுக்கு மின் தரும் சிறிய உலைகளில் இப்புதிய வகையைச் சேர்ந்தவை உலகில் மிகச் சிலவே. ரஷ்யாவின் ‘அக்கடமிக் லொமனோசோவ்’ என்னும் மிதவை, 35 மெகாவாற்று உலைகள் இரண்டைத் தாங்கி, 2019 டிசெம்பரில் பெவெக் என்னும் வடதுருவத்துச் சிறு பட்டினத்துக்கு மின் வழங்கத் தொடங்கியது. சீனாவின் ஷிடாவ் குடாவில் கூழாங்கல் போன்ற எரிபொருள் உருண்டைகளால் இயங்கும் உலை 2023 டிசெம்பரில் வணிகச் சேவைக்கு வந்தது. 2033 ஆம் ஆண்டுக்குள் சொந்தத்தில் வடிவமைத்த சிறிய உலைகள் ஐந்தையேனும் இயக்குவதென்று கூறி இந்திய அரசு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 20,000 கோடி ரூபா ஒதுக்கிற்று.

இனி, இலங்கைக்கு இதில் என்ன கவர்ச்சி என்று பார்ப்போம்.

நம் நாட்டின் மின் வலையமைப்பு சிறியது. உச்சத் தேவை ஏறத்தாழ 3,000 மெகாவாற்றை ஒட்டியது. கூடங்குளத்தில் உள்ளது போன்ற 1,000 மெகாவாற்று உலையொன்றை இங்கே நிறுத்தினால், நாட்டின் மூன்றிலொரு பங்கு ஒரே தூணில் தங்கும். அத்தூண் சரிந்தால் கூரை முழுவதும் சரியும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியைத் தீண்டியதால் தீவு முழுவதும் இருண்டது என்று அரசாங்கம் அறிவித்தது. இலங்கையை ஒரு வானரம் கலக்குவது இது முதல் முறையன்று என்று பலரும் அன்று நகைத்தனர். நகைப்புக்கு அப்பால் உள்ள செய்தி யாதெனில், நுரைச்சோலையின் 300 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்றும் அன்று நின்றுபோயின. அவை மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் பிடித்தன. ஆகவே நம் வலையமைப்பு தாங்கக்கூடிய அளவு ஏறக்குறைய 300 மெகாவாற்றே என்பது அனுபவத்தால் தெரிந்த பாடம். சிறிய உலைகளின் மேல்வரம்பும் அதுவாகவே அமைந்திருப்பதால், முன்னர் எட்டாக்கனியாக இருந்த அணு மின்சாரம் இப்போது கைக்கெட்டுவது போலத் தோன்றுகிறது.

இரண்டாவது கவர்ச்சி எரிபொருளின் அளவு. நுரைச்சோலையின் ஓர் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் நாளொன்றுக்கு இரண்டாயிரம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே நிலக்கரியை இறக்கவும் முடியாது. முன்கூட்டியே குவித்து வைத்தாக வேண்டும். அதே ஆற்றலுள்ள அணு உலைக்கு ஓராண்டு முழுவதற்கும் வேண்டியது பத்துத் தொன் அளவிலான எரிபொருளே. ஒருமுறை இட்டால் ஓராண்டோ இரண்டாண்டோ மீண்டும் தொட வேண்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதன் பெறுமதியை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் முன்னே பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இப்பக்கத்தை வாசிப்பவர்களிற் பலர்.

திருகோணமலை இதை வேறொரு விதத்திலும் அறியும். பிரித்தானியக் கடற்படை எரிபொருளைச் சேமிக்கவென்றே சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது. இன்றும் 99 தாங்கிகள் காட்டினிடையே வரிசையாய் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் தேடிவந்து தாக்கிய இலக்குகளில் அவையும் அடங்கும். எரிபொருளைக் குவித்துவைக்கும் துறைமுகம் செல்வமும் பெறும், குறியும் ஆகும் என்பது இவ்வூருக்குப் பழைய பாடம்.

இப்போது மாமாவின் பக்கத்துக்கு வருவோம். அணு உலை வெடித்து அணுகுண்டு போலாகுமோ என்று பலர் அஞ்சுவதுண்டு. மின் உலையில் பயன்படும் யூரேனியத்தின் செறிவு குறைந்தது. அது குண்டாக வெடிக்க மாட்டாது. உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. மாணவர்கள் இதனை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துவிட்டாலும் தணல் கிடக்கிறதல்லவா? அணு உலையிலும் அவ்வாறே. பிளவை நிறுத்தச் சில வினாடிகள் போதும். ஆனால் பிளவினால் பிறந்த துண்டுகள் தாமே சிதைந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் இத்தணல் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு. ஒரு நாள் கழிந்தபின் ஏறத்தாழ அரைப் பங்கு. 300 மெகாவாற்று மின் உலை உண்மையில் 900 மெகாவாற்று அளவு வெப்பத்தைத் தருவது. ஆகவே ஒரு நாள் சென்ற பின்னும் நான்கு மெகாவாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் அங்கே இருக்கும். இத்தணலை நீர் ஊற்றி ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நீரை ஓட்டப் பம்பி வேண்டும். பம்பியை ஓட்ட மின்சாரம் வேண்டும். மின்சாரம் செய்யும் இடத்துக்கே மின்சாரம் இல்லாமற் போகும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

2011 மார்ச் 11 இல் யப்பானின் புக்குஷிமாவில் நடந்தது இதுவே. நிலம் நடுங்கியதும் உலைகள் ஒழுங்காக நின்றன. ஒரு மணிநேரத்துக்குள் வந்த ஆழிப்பேரலை டீசல் இயந்திரங்களை மூழ்கடித்தது. தணலை ஆற்ற வழியின்றி மூன்று உலைகளின் உள்ளகம் உருகிற்று. எரிபொருளைப் பொதிந்திருக்கும் குழாய்கள் சிர்க்கோனியம் என்னும் உலோகத்தால் ஆனவை. அவ்வுலோகம் கடுஞ்சூட்டில் நீராவியோடு தாக்கமுற்று ஐதரசன் வாயுவை வெளிவிடும். கட்டடங்களைப் பிளந்தது அந்த ஐதரசனே.

அந்தச் சிர்க்கோனியத்தின் தாதுவாகிய சிர்க்கோன், திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றரில் உள்ள புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. 1957 இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட காலந்தொட்டு இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் ஆகியவற்றை நாம் பிரித்துப் பிரித்துப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேற்றி வருகிறோம். உலோகம் செய்யும் கலை நம்மிடம் இல்லை. அதே மணலில் சிறிதளவு மொனசைற்றும் உண்டு. அதில் தோரியம் இருக்கிறது. தோரியத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தமிழரை நினையாமல் இருக்க முடியாது. கலை ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி, முதலில் நில ஆராய்ச்சியாளர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளர். தோரியம் மிகுந்த ‘தோரியனைற்று’ என்னும் கனியம் சப்பிரகமுவப் பகுதியிலிருந்து 1904 இல் உலகுக்கு அறிமுகமானது அவர் முயற்சியாலேயே. ஆனால் தோரியம் இருக்கிறது என்பதற்காக நாளைக்கே நாம் உலை மூட்டலாம் என்று எண்ணுவது, நெல் இருக்கிறது என்று சொல்லிப் பந்தியில் இலை போடுவதற்கு ஒப்பாகும். தோரியம் தானாகப் பிளவுபட்டு எரிவதில்லை. அது நியூத்திரனை விழுங்கி யூரேனியம்-233 ஆக மாறவேண்டும். அந்த எரிபொருளால் இயங்கும் ‘காமினி’ என்னும் ஆராய்ச்சி உலை கல்பாக்கத்தில் 1996 இல் செயற்படத் தொடங்கியது. அதன் வெப்ப ஆற்றல் 30 கிலோவாற்று மாத்திரமே.

தணலுக்குத் திரும்புவோம். சிறிய உலையின் பாதுகாப்பு வாக்குறுதி முழுவதும் இத்தணலைப் பற்றியதே. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியைக் கொண்டே, பம்பியின்றி, மின்சாரமின்றி ஆற்றும்படி இவற்றை அமைக்கிறார்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் டார்லிங்டனில் கட்டப்படும் 300 மெகாவாற்று உலை ஏழு நாட்கள் வெளி உதவியின்றித் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்று அதை வடிவமைத்தோர் கூறுகின்றனர். சீனாவின் கூழாங்கல் உலையில் 2023 இல் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள்; அது தானாகவே குளிர்ந்தது. 2016, 2020, 2023, 2025 என்று தீவு முழுவதும் இருண்ட நாட்களை அடுத்தடுத்துக் கண்ட நாட்டுக்கு இத்தகைய குணம் அலங்காரமன்று, இன்றியமையாதது.

ஏன் சிறிய உலைக்கு இது எளிதாகிறது? அம்மாமாரைக் கேளுங்கள். கோயில் மடைப்பள்ளியின் கிடாரத்துச் சோறு மாலைவரை சுடும். வீட்டுச் சட்டிச் சோறு சீக்கிரம் ஆறிவிடும். பொருள் சிறிதாகச் சிறிதாக, அதன் கொள்ளளவோடு பார்க்கையில் மேற்பரப்பு மிகுதியாகிறது. வெப்பம் வெளியேற வழி மிகுகிறது. ஆனால் அதே வாசலால் நியூத்திரன்களும் வெளியேறிவிடும்! உலைக்குள் நின்று வேலை செய்ய வேண்டிய நியூத்திரன்கள் சுவரிற்பட்டு வீணாகும். சுற்றியுள்ள உருக்கையும் கதிரியக்கமுடையதாக்கும். ஆகவே ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் சிறிய உலை விட்டுச்செல்லும் கழிவு பெரிய உலையினதைவிட மிகுதியாகலாம் என்று 2022 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினர். உலை செய்வோர் அதை மறுத்தனர். எவ்வளவு மிகும் என்பதில் வாதமுண்டு. ஒரே காரணம் நன்மையையும் தீமையையும் சேர்த்தே ஈனுகிறது என்பது கணிதம்.

தானே ஆறும் உலை என்றதும் கவலையற்று உறங்கிவிடலாகாது. புக்குஷிமாவின் முதலாம் உலையிலும் பம்பியின்றிக் குளிர்விக்கும் கருவி இருக்கத்தான் செய்தது. மின்சாரம் அற்றுப்போன அக்கணத்தில் அதன் அடைப்பிதழ்கள் மூடிக்கொண்டன. கருவி வேலை செய்கிறதென்று பணியாளர் பல மணிநேரம் நம்பியிருந்தனர்; அதை உண்மையாக இயக்கிப் பழகியவர் அங்கே இல்லை. நீர் தானாகக் கீழிறங்கும். கதவைத் திறந்து வைப்பது மனிதன் பொறுப்பு.

அடுத்தது இடம். திருகோணமலை மாவட்டத்தில் பெரிய மின் நிலையம் என்றாலே சம்பூர் நினைவுக்கு வரும். 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் அடைக்கப்பட்ட பிரதேசத்தில், இந்தியாவின் கூட்டோடு 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2016 இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. இன்று அங்கே 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையம் திட்டமாகி 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. தங்கள் காணியில் என்ன வரப்போகிறது என்பதைக் காணியுடையோர் கடைசியில் அறிந்த கதை அது. மாமாவின் சினத்துக்கு அணுவைவிட இதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் பெரிய உலைகளைச் சுற்றிப் பத்து மைல், அதாவது பதினாறு கிலோமீற்றர், அவசரகால வட்டம் வரைவது வழக்கம். சம்பூரை நடுவாக வைத்து அத்தகைய வட்டத்தை வரைந்தால் மூதூர் மட்டுமன்றிக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை நகரும் கோணேசர் மலையும் உள்ளே வந்துவிடும். சிறிய உலைக்கு வட்டம் வேலியோடு நின்றுவிடும் என்பது உலை செய்வோரின் வாதம். அந்த வாதத்தை அவர்கள் சொல்லக் கேட்டு ஏற்பதா, நம் நாட்டுப் பரிசோதகர் கணக்கிட்டுப் பார்த்து ஏற்பதா என்பதே வினா.

ஆழிப்பேரலையையும் மறக்கலாகாது. 2004 டிசெம்பர் 26 இல் கிண்ணியா வைத்தியசாலை அலையில் அழிந்ததை இம்மாவட்டம் மறந்திருக்காது. அதே காலையில் கல்பாக்கத்தில் உலையின் பம்பி அறைக்குள் கடல் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை உடனே நிறுத்தப்பட்டது. உயரத்தில் இருந்ததால் உலைக் கட்டடத்துக்குத் தீங்கில்லை. ஊழியர் குடியிருப்பிலோ உயிர்கள் போயின. உலையைக் காத்த மேடு வீடுகளுக்கு இல்லாமற் போயிற்று. இதைவிடக் கடலோரத் திட்டமிடலுக்கு வேறு பாடம் வேண்டியதில்லை. சாதாரண நாட்களிலும் ஒரு சங்கடம் உண்டு: உலையின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்கே போகும். குடாவின் நீர் எவ்வளவு சூடேறும், மீன்குஞ்சுகள் எப்படி ஒதுங்கும் என்பதை உலை வருமுன் பல பருவங்கள் அளந்து வைத்திருந்தாலன்றிப் பின்னர் எவரும் நிரூபிக்க இயலாது.

எல்லாவற்றிலும் கடினமானது பணம். டார்லிங்டனின் முதல் உலைக்கு மட்டும் 610 கோடி கனேடிய டொலர். நான்கு உலைகளுக்கும் பொதுவான வேலைகளுக்கு மேலும் 160 கோடி. இவ்விரண்டையும் கூட்டினால், 2023 இல் சர்வதேச நாணய நிதியம் நமக்கு நான்காண்டுக்கென ஒப்பிய ஏறத்தாழ 300 கோடி அமெரிக்க டொலரைவிட மிகுதி. அமெரிக்காவின் ஐடஹோவில் ஆறு சிறு உலைகள் கட்டவிருந்தார்கள். மின்சாரத்தின் மதிப்பீட்டு விலை மெகாவாற்று மணிக்கு 58 டொலரிலிருந்து 89 டொலராக ஏறவே, 2023 நவம்பரில் திட்டமே கைவிடப்பட்டது. படகு அச்சில் முதற்படகின் தலையில் அச்சின் செலவு முழுவதும் விழும். நூறாவது படகை வாங்குபவன் பாக்கியசாலி. முதலாவது படகை வாங்குவதற்கு நம் கையில் பணமில்லை. மேலும், உலை இரவு பகல் ஓடினால்தான் கடன் தீரும். நம் நாட்டிலோ 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தமையால் கூரைச் சூரியத் தகடுகளையே நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வேண்டிக்கொள்ள நேர்ந்தது. நண்பகலில் சூரியனுக்கும் உலைக்கும் போட்டி வந்தால், கடன்பட்ட உலை தோற்கும்.

ஆகவே எமது கருத்து இதுதான்: இன்று வாங்குவதற்கு அவசரமில்லை; கற்பதற்கு அவசரம் மிக உண்டு. இலங்கை 1957 இலேயே சர்வதேச அணுசக்தி முகவரகத்தில் சேர்ந்த நாடு. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதை மேற்பார்வை செய்யும் பேரவையையும் வேறு வேறாக்கிற்று. 2022 ஏப்ரலில் முகவரகத்தின் குழு வந்து நம் ஆயத்தத்தை ஆராய்ந்து சென்றது. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆயினும் 2021 ஏப்ரலில், சீனாவுக்குச் சென்ற கப்பல் ஒன்று யூரேனியச் சேர்வையைச் சுமந்தவாறு, முன்னறிவித்தலின்றி அம்பாந்தோட்டைத் துறைக்குள் புகுந்ததும், கண்டறிந்தபின் வெளியேற்றப்பட்டதும் நினைவிருக்கட்டும். துறைமுகத்துக்குள் என்ன வருகிறது என்று அறியும் கண் முதலில் வேண்டும். எரிந்த எரிபொருளைத் திருப்பி எடுப்பவர் யார், விபத்து நேர்ந்தால் ஈடு கொடுப்பவர் யார், கொட்டியாரக் குடாவின் மீனவர் சங்கங்களுக்கு எந்த ஆண்டில், எந்த மொழியில் அறிக்கை கிடைக்கும் என்ற மூன்று வினாக்களையும் மாணவி தம் தந்தையாரிடமும் மாமாவிடமும் சேர்த்தே வைக்கலாம். இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தராத எந்த விற்பனையாளரையும் வாசலோடு அனுப்பிவிடுவது தகும்.

மற்றொரு கடிதம் நிலாவெளியிலிருந்து வந்தது: “கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சூடும் அணுவினால்தானோ?” என்று ஒரு சிறுவன் கேட்கிறான். இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் ஊன்றி உண்டாக்கினான் என்று ஊரார் சொல்லும் அந்த ஏழு கிணறுகளுக்கும் எரிமலை காரணமன்று. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அந்த உட்சூட்டில் ஏறத்தாழப் பாதி, பாறைகளில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள யூரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை கோடானுகோடி ஆண்டுகளாக மெல்லச் சிதைவதால் வருவது. எனவே தம்பியின் ஊகம் பாதி சரி. ஏழு கிணறுகளும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. அடுத்த முறை போகும்போது வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோய் அளந்து, கண்ட அளவுகளை எமக்கு எழுதுக.